கெடாத் தோட்டங்களில் துலங்கிய வண்டிகள்

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங், குரூண் வழியாக அலோர் ஸ்டாரை நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலையில், இரண்டாம் உலக யுத்தத்திற்கு முன்னே இங்கிலாந்தில் உருவாகிக் கப்பலேறி வந்த ஒரு மோட்டார் சைக்கிள், கெடா மாநிலத்துக்குரிய ‘கே’ என்னும் எழுத்தையும் சின்னஞ்சிறு பதிவெண்ணையும் தாங்கி ஓடிவரக் காண நேர்ந்தால், அதன் முன்விளக்கு வளையத்திலும் புகைக்குழாயின் நீளத்திலும் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். பார்த்தவர்கள் வண்டியின் வயதை வியப்பார்கள். இன்றைக்கு விற்றால் எத்தனை ஆயிரம் வெள்ளிக்குப் போகும் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் அந்தப் பிரகாசத்தைத் தேய்த்து உண்டாக்கியவர்கள் யார், அதன்மேல் ஏறி அமர்ந்தவர்கள் யார், இவ்விருவரும் ஒருவரே ஆவதற்கு எத்தனை காலம் பிடித்தது என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எழுவது அபூர்வம். தோட்டச் சரித்திரம் எழுதியவர்கள் ரப்பர் விலையையும் கூலி விகிதத்தையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். வண்டிக் கொட்டகையில் கிடந்த எண்ணெய்த் துணியை அவர்கள் பொருட்படுத்தவில்லை. அந்தத் துணி சொல்லும் சரித்திரமும் சற்று உண்டு.

உலோகத்திற்கும் இந்த மண்ணிற்கும் உள்ள சம்பந்தம் நேற்று ஏற்பட்டதன்று. பீடோங் வட்டாரத்தைச் சேர்ந்த சுங்கை பத்துவில் 2009-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வாராய்ச்சியில், இரும்பு உருக்கிய உலைகளின் சிதைவுகளும், உலைக்குக் காற்று செலுத்திய களிமண் குழல்களும், கசடுக் குவியல்களும் ஏராளமாக வெளிப்பட்டன. கிறிஸ்து சகாப்தத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே இவ்வட்டாரம் அடங்கிய பூஜாங் பள்ளத்தாக்கில் இரும்பை உருக்கிக் கடல்வழியே விற்ற ஜனங்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அவை சாட்சி. பின்னாளில் அரபு யாத்ரிகர்கள் ‘கலா’ என்று குறிப்பிட்டு, ஈயத்துக்குப் பெயர்போன துறைமுகம் என்று வருணித்த ஊரும் இந்தக் கரையில் இருந்ததே என்பது அறிஞர் பலருடைய கருத்து. 1025-ஆம் ஆண்டு இராஜேந்திர சோழனுடைய கப்பற்படை, கடாரம் என்று அப்போது வழங்கிய இந்தக் கெடாவைத் தாக்கிய செய்தியைத் தமிழர் அறிவோம். ‘கடாரம் கொண்டான்’ என்ற விருதை மேடைதோறும் முழங்குகிறோம். கடாரத்தார் உருக்கிய இரும்பைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. போகட்டும். அந்த உலைகள் அணைந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பிறகு, பர்மிங்காம், கவென்ட்ரி, ரெட்டிச் முதலிய ஆங்கிலேய நகரங்களில் வார்த்து, கடைந்து, முலாம் பூசப்பட்ட இரும்பு, பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிப் பிறை வழியாகக் கெடாவுக்குள் புகுந்தது.

அதே பினாங்குத் துறைமுகத்தில் வேறொரு உலோகமும் இறங்கியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் தகரப்பெட்டியிலும் துணிமூட்டையிலும் கொண்டுவந்தவை மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திலும் ஒரு பித்தளைச் செம்பு, ஒரு குத்துவிளக்கு, வசதி இருந்தால் ஒரு குடம் என்று சில பாத்திரங்கள் இடம்பெற்றன. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் பின்புறத்தில், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்காக வியாழன் மாலையே புளியும் செங்கல் தூளும் அடுப்புச் சாம்பலும் கொண்டு அவற்றைத் துலக்கிய பெண்களுக்கு, புளியில் உள்ள அமிலம் பித்தளையின் மேற்படிந்த களிம்பைக் கரைக்கிறது என்ற இரசாயன சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும், எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எப்போது கழுவிவிட வேண்டும் என்ற அனுபவ ஞானம் அவர்கள் விரல்களில் இருந்தது. தோட்டத்து உலோகப் பணியின் முதற்பள்ளிக்கூடம் அந்த லயத்துக் கொல்லைதான் என்பது என் அபிப்பிராயம். ஆண்பிள்ளைகள் பிற்காலத்தில் கற்ற மெருகுத் தொழிலுக்கு அஸ்திவாரம் அங்கே போடப்பட்டது; அதற்கு எந்த நூலும் நன்றி சொன்னதில்லை.

1909-ஆம் ஆண்டு பாங்காக்கில் கையெழுத்தான ஆங்கில – சயாமிய உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் செல்வாக்கின் கீழ் வந்தது. 1915-ஆம் ஆண்டு ரயில்பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. ரப்பர்த் தோட்டங்கள் கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடழித்துப் பரவின. தோட்டம் பரந்ததாகவும், அதன் உட்பாதைகள் கார் செல்ல இயலாத செம்மண் தடங்களாகவும் இருந்த அக்காலத்தில், பெரட்டு என்னும் அதிகாலை ஆள்கணக்கெடுப்பு முடிந்ததும் டிவிஷன் டிவிஷனாகச் சுற்றிவர வேண்டிய, உதவி நிர்வாகிகளான சின்னத்துரைமார்களுக்கு மோட்டார் சைக்கிள் உகந்த வாகனமாயிற்று. பெரிய துரைக்குக் கார், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள், கிராணி என்னும் குமாஸ்தாவுக்கும் கண்டக்டருக்கும் சைக்கிள், தண்டல் என்னும் மேஸ்திரிக்கும் தொழிலாளிக்கும் கால்நடை என்று வாகனங்களே உத்தியோக வரிசையை ஒப்பித்தன.

அக்காலத்து வண்டிகளின் பிரகாசம் நிக்கல் என்னும் உலோகத்தினுடையது. 1920-களின் இறுதி வரையில் மோட்டார் சைக்கிள்களின் கைப்பிடி, விளக்கு, சக்கர விளிம்பு முதலியவற்றிற்கு நிக்கல் முலாமே பூசினார்கள். நிக்கல் இலேசான மஞ்சள் சாயல் கொண்ட, கண்ணுக்கு இதமான வெண்மை உடையது. ஆயினும் அதன் இதம் நிலைப்பதில்லை. கெடாவின் ஈரக்காற்றில் சில நாள் விட்டால் மங்கும். சில வாரம் விட்டால் பழுப்பேறும். மெருகு மருந்து தொட்ட மெல்லிய துணியால் ஓயாமல் துடைத்தால்தான் முகம் தெளியும். 1905-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த பிராஸோ என்னும் திரவ மருந்து, நுண்ணிய மணல்மாவும் அம்மோனியாவும் எண்ணெயும் சேர்ந்த கலவை, துரை பங்களாக்களில் பித்தளைக் கைப்பிடிகளுக்கும் பட்டன்களுக்கும் உதவியதைப் போலவே வண்டிக்கும் உதவிற்று. அதிகமாகத் தேய்த்தாலும் ஆபத்து உண்டு: முலாம் மெலிந்து, வளைவுகளின் விளிம்பில் அடியிலுள்ள உலோகம் எட்டிப் பார்க்கும். ஆகவே தேய்க்காவிட்டால் வசவு, தேய்த்துத் தேய்ந்துவிட்டாலும் வசவு என்ற நிலையில், பங்களாவில் ஏவல் செய்த ஆட்கள் இருந்தார்கள். துலக்கியவன் ஏறவில்லை, ஏறியவன் துலக்கவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு எழுத்தில் பதிவான ஒரு சான்று இருக்கிறது. 1941-ஆம் ஆண்டு சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் தமிழ்த் தொழிலாளர்கள் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி முதலிய கோரிக்கைகளின் வரிசையில் மற்றொன்றையும் சேர்த்திருந்தார்கள்: ஐரோப்பிய நிர்வாகிகளுக்கும் ஆசிய உத்தியோகஸ்தர்களுக்கும் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பதே அது. தன் காசில் வாங்கிய சைக்கிளிலிருந்து, எதிரே ஒரு கிராணி வந்தால்கூட இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்ற சம்பிரதாயம் கிள்ளானுக்கு மாத்திரம் உரியதன்று. தோட்ட மலாயா எங்கும் அறியப்பட்ட வழக்கமே. இதை நினைவில் கொண்டு அக்காலத்துத் தோட்டப் பாதையைக் கற்பனை செய்து பாருங்கள். ரப்பர் மரங்களின் அடர்ந்த நிழலுக்குள் தொலைவில் ஒரு மின்வெட்டு. அதைத் தொடர்ந்து ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் கனத்த துடிப்பு. யார் வருகிறார் என்று முகம் பார்த்து அறிய வேண்டியதில்லை, விளக்கின் பிரகாசமே அறிவித்துவிடும். சைக்கிளில் வருகிறவன் இறங்குவதற்கு அவகாசமும் கிடைக்கும். நன்றாகத் துலக்கிய உலோகம் அந்தப் பாதையில் அதிகாரத்தின் கட்டியக்காரனாக முன்னே ஓடியது.

இதற்குள் முலாம் தொழிலில் பெரிய மாறுதல் ஒன்று நிகழ்ந்துவிட்டது. குரோமியம் என்னும் உலோகத்தை 1797-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு இரசாயன அறிஞர் வோக்லான் கண்டறிந்திருந்த போதிலும், அதை மின்சார சக்தியால் வேறோர் உலோகத்தின்மேல் ஒழுங்காகப் படியவைக்கும் முறை, 1920-களின் நடுவில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் முதலியோர் செய்த ஆராய்ச்சிக்குப் பிறகே தொழிற்சாலைகளுக்குக் கைகூடிற்று. சில ஆண்டுகளுக்குள் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் நிக்கலை உதறிவிட்டுக் குரோமியத்திற்கு மாறின. குரோமியம் மங்காது, நீலச் சாயல் கொண்ட அதன் குளிர்ந்த ஒளியை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பங்களா வேலையாட்களின் முழங்கைக்கு இதனால் ஓரளவு ஓய்வு கிடைத்திருக்க வேண்டும்.

குரோமியப் பளபளப்பு என்று நாம் சொல்வதில் ஒரு சூட்சுமம் அடங்கியிருக்கிறது. வண்டியின் உறுப்பில் படியும் குரோமியப் படலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பாகத்தைக்கூட எட்டாதது. தலைமயிரின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் கீழே அதைவிடப் பன்மடங்கு தடித்த நிக்கல் படலம். அநேக சமயங்களில் அதற்கும் கீழே செம்பு. எல்லாவற்றிற்கும் அடியில் இரும்பு. முகம் தெரியும்படியான பிரகாசத்தைத் தருவது நிக்கலும், அந்த நிக்கலைத் தாங்கும் இரும்பின்மேல் முலாம் தொட்டியில் இறக்குவதற்கு முன்பே மனிதர் கையால் செய்யப்பட்ட மெருகுமே. குரோமியம் அதைக் காவல் காக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காவலிலும் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் இறங்கி இரும்பைத் தொட்டதும் துரு கிளம்பி மேலே வந்து பழுப்புப் புள்ளியாக மலரும். மின்சாரம் எட்டாத உட்குழிவுகளில் குரோமியம் சரியாகப் படிவதில்லை என்பதால், சக்கர விளிம்பில் கம்பிகள் நுழையும் துளைகளைச் சுற்றித்தான் துரு முதலில் குடியேறும். ஆண்டின் பெரும்பகுதி மழை காணும் கெடாவில் அதற்கு அதிக நாள் தேவைப்படுவதில்லை.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜித்ராவிலும் குரூணிலும் பிரிட்டிஷ் படைகள் முறியடிக்கப்பட்டு, ஜப்பானியர் சைக்கிள்களில் தெற்கு நோக்கி விரைந்தபோது, பளபளப்புக்கு இடமில்லாத காலம் பிறந்தது. யுத்தகாலத்து ராணுவ மோட்டார் சைக்கிளில் மினுங்கும் பொருள் எதுவும் இருக்கலாகாது; வெயிலில் ஒரு மின்வெட்டு, ஓட்டுபவன் உயிருக்கு உலை. பி.எஸ்.ஏ. ஸ்தாபனம் ராணுவத்துக்காகச் செய்த எம்-20 என்னும் வண்டிகள் ஏறத்தாழ 1,26,000. அவற்றின் விளக்கு, கைப்பிடி, புகைக்குழாய் யாவும் மங்கிய வர்ணத்தில் மூடப்பட்டிருந்தன. தோட்டங்களிலோ நிலைமை இன்னும் கொடியது. பால்வெட்டு நின்றது, பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில்பாதைக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள், போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. துலக்கிய கைகள் எத்தனை அந்தக் காட்டில் புதைந்தன என்பதற்குக் கணக்கு வைத்தவர் யாருமில்லை.

யுத்தம் முடிந்து துரைமார்கள் திரும்பிவந்தபோது பழைய கெடா அங்கே இல்லை. ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தோற்றுவித்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தோட்டந்தோறும் இளைஞர்களைத் திரட்டிற்று. 1947-ஆம் ஆண்டில் கெடாத் தோட்டங்கள் வேலைநிறுத்தங்களால் குலுங்கின. அரசாங்கம் அவற்றைக் கடுமையாக அடக்கிற்று. அடக்கியது உண்மை, ஆனால் அதற்குப் பிறகு ஒரு தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்பான் என்று எவரும் நிச்சயமாக எதிர்பார்க்க இயலாமற் போயிற்று. 1948-ஆம் ஆண்டு தொடங்கிய அவசரகாலத்தில், துரைமார்கள் இரும்புத் தகடு பொருத்திய கார்களுக்குள் பதுங்கிச் செல்ல வேண்டியிருந்ததால், திறந்த மோட்டார் சைக்கிளில் தோட்டம் சுற்றும் பழக்கம் மங்கிற்று. வண்டிகள் கைமாறத் தொடங்கின. கிராணிமார்களும் கண்டக்டர்களும், தோட்ட ஆஸ்பத்திரி டிரஸர்களும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சிலரும் பழைய வண்டிகளைத் தவணையில் வாங்கினார்கள். வாங்கியவர் தாமே துலக்கினார். அல்லது மூத்த மகனைத் துலக்கச் சொன்னார். தமிழ்க் குடும்பத்தின் வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் வீட்டு வண்டியைத் தன் வீட்டுப் பிள்ளை தேய்த்த காட்சி அப்பொழுதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு தகவலைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. கொரியா யுத்தத்தின் பொருட்டு நிக்கல் ராணுவத் தளவாடங்களுக்கு ஒதுக்கப்பட்டதால், 1951, 1952 ஆண்டுகளில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகளுக்கு நிக்கல் போதவில்லை; நிக்கல் இன்றிக் குரோமிய முலாம் நிலைக்காது. ஆகையால் அவ்வாண்டுகளில் வந்த வண்டிகள் பலவற்றில் சக்கர விளிம்புக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் முலாமுக்குப் பதில் வர்ணம் பூசினார்கள். இந்த விவரம் அறியாமல், 1952-ஆம் ஆண்டு வண்டியை வாங்கி உச்சி முதல் உள்ளங்கால் வரை குரோமியம் பூசி, புதிதாக வந்தபோது இருந்ததைப் போலவே ஆக்கிவிட்டேன் என்று மார்தட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறந்தபோதே அந்த வண்டி மூக்குத்தி இல்லாமல்தான் பிறந்தது.

தொழிலாளியின் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்த வழி வேறு. பினாங்கில் லோ பூன் சியூ என்ற சீனர் இருந்தார். சிறுவயதில் சீனாவிலிருந்து வந்து, மெக்கானிக்காக வேலை கற்றுக்கொண்டு, இரவு நேரங்களில் பஸ்களைக் கழுவிக் காசு சேர்த்து முன்னுக்கு வந்தவர். 1958-ஆம் ஆண்டு அவர் ஜப்பானிய ஹோண்டா வண்டிகளின் விற்பனை உரிமையைப் பெற்றார். அதே ஆண்டில்தான் ஹோண்டா ஸ்தாபனத்தின் சூப்பர் கப் வெளிவந்தது. சிறிய எஞ்சின், குறைந்த பெட்ரோல், கிளட்ச் பிடிக்க வேண்டிய தொல்லையின்மை, மலிவான விலை ஆகிய காரணங்களால் அது மலாயாவை ஆட்கொண்டது. ஜனங்கள் அதற்குக் ‘கப்சாய்’ என்று செல்லப்பெயரும் சூட்டினார்கள். சைக்கிளின் பின்னால் பால் டின்களைக் கட்டிக்கொண்டு மிதித்துவந்த பால்வெட்டுத் தொழிலாளி, காலப்போக்கில் ஹோண்டாவின் பின்னால் அதே டின்களைக் கட்டினார்.

ஆனால் அந்த வண்டியில் துலக்குவதற்கு என்ன இருந்தது? காலை மறைக்கும் தடுப்பும் முன் மட்கார்டும் பிளாஸ்டிக். உடல் முழுவதும் வர்ணம். குரோமியம் ஏதோ பெயருக்குச் சில இடங்களில். தோட்டத் தொழிலாளி ஏறி அமரும் உரிமையைப் பெற்ற அதே வேளையில், வாகனம் தன் பிரகாசத்தைக் களைந்துவிட்டு வந்து நின்றது. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. விலையைக் குறைக்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும் என்ற ஜப்பானியப் பொறியியலாரின் நியாயமான கணக்கு மாத்திரமே உண்டு. எனினும், மூன்று தலைமுறை அடுத்தவன் வண்டியைத் தேய்த்தவர்களுக்குத் தம் சொந்த வண்டியில் தேய்க்க இடமில்லாமற் போனது விசித்திரமே. இருந்த சொற்ப உலோகத்தையும் தோட்டம் விட்டுவைக்கவில்லை. பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா பித்தளைக்குப் பகை. உறைய வைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலம் இரும்புக்குப் பகை. இரண்டையும் சுமந்து சென்ற வண்டியின் சக்கரக் கம்பிகள் சீக்கிரமே சிவந்தன.

பிறகு தோட்டங்களே குலையத் தொடங்கின. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். துண்டாடலால் தெருவில் நின்றவர்களைக் காக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயத்து ஜனங்கள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் குடியேறி, தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். 1995-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மொடெனாஸ் என்னும் தேசிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் தன் தொழிற்சாலையைக் குரூணில் அமைத்தபோது, துரைமார்களின் மோட்டார் சைக்கிள்கள் ஒருகாலத்தில் உறுமித் திரிந்த வட்டாரத்திலேயே புது வண்டிகள் உருவாகலாயின. கைவிடப்பட்ட கொட்டகைகளில், கோழிக்கூண்டுக்கும் விறகுக்கும் நடுவே, கைப்பிடி முறுக்கிக் கிடந்த பழைய பிரிட்டிஷ் வண்டிகளை இரும்புக் கடைக்காரர்கள் எடைக்கு எடுத்துப் போனார்கள். எடைக்குப் போகாமல் தப்பியவைதாம் இன்றைக்குச் சாலையில் கண்ணைக் கூசச் செய்கின்றன.

அவற்றை மீட்டெடுக்கும் வேலையைச் சுங்கை பட்டாணிப் பட்டறை ஒன்றில் அருகிருந்து பார்த்திருக்கிறேன். அன்று மேசைமேல் இருந்தது ஒரு பி.எஸ்.ஏ. எஞ்சினின் பக்க மூடி, அலுமினிய வார்ப்பு, சாம்பல் பூத்து, எண்ணெய்க் கறை ஊறி, பார்ப்பதற்குக் கல் போல இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிய பின், தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார் மெருகுக்காரர். முதலில் கரடான தாள், பிறகு மென்மையான தாள், அதன்பின் இன்னும் மென்மையானது. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினார்: முதலில் நெடுக்காக, அடுத்தது குறுக்காக. முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட எஞ்சியிருந்தால் எதிர்த்திசையில் அது காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கட்டத்திலேயே அரைநாள் போயிற்று. அதன்பிறகு, துணியடுக்குகளைத் தைத்துச் செய்த சக்கரம் மோட்டாரில் சுழல, பழுப்பு மெருகுக் கட்டியை அதில் ஒற்றி, மூடியை இரு கைகளாலும் பிடித்துச் சக்கரத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் பட வைத்தார்; மேல்விளிம்பில் பட்டால் சக்கரம் பறித்து எறிந்துவிடும். வார்ப்பில் புடைத்து நிற்கும் எழுத்துக்களின் அருகில் சக்கரத்தைக் கொண்டுபோகவே இல்லை. அவற்றின் கூர்மை மழுங்கிவிடுமாம், ஆகவே அங்கே குச்சியில் சுற்றிய துணிதான். கடைசியில் ஒரு பிடி கோதுமை மாவைத் தூவித் துடைத்தார். மெருகுக் கட்டியின் பிசுக்கை மாவு இழுத்துக்கொண்டதும், மூடியில் கூரை விளக்கு வளையாமல் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் வீட்டிலே பாத்திரம் துலக்கும் சாம்பலை முயன்று பார்த்ததாகச் சொன்னபோது, “அது பித்தளைக்குத்தான் தம்பி, அலுமினியத்துல போட்டா கறுத்துப் போயிடும்” என்று அவர் சிரித்தார். அவர் சொன்னது சாஸ்திரத்துக்கும் பொருத்தமானதே: சாம்பலின் காரம் அலுமினியத்தை அரித்துவிடும். முன்விளக்கு வளையத்தின் துருவுக்கு அவர் கையாண்டது சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள். அதைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்க, பழுப்பு கரைந்து கரும்பாலாக வழிந்தது. தாளின் அலுமினியம் குரோமியத்தைவிட மிருதுவானது, ஆகவே கீறாது. ஆனால் துரு போன இடத்தில் ஊசிமுனைப் பள்ளங்கள் எஞ்சின. அவற்றை எந்தத் தாளும் எந்தக் களிம்பும் நிரப்பாது.

அதற்கு மறுபடியும் முலாம் பூச வேண்டும். உறுப்பைப் பினாங்குப் பக்கத்து முலாம் பட்டறைக்கு அனுப்பினால், பழைய குரோமியத்தையும் நிக்கலையும் கரைத்து எடுத்து, செம்பால் பள்ளங்களை நிரப்பி, மெருகிட்டு, நிக்கலில் தோய்த்து, இறுதியில் குரோமிக் அமிலத் தொட்டியில் சிறிது நேரம் வைத்து எடுப்பார்கள். அந்த அமிலம் கொடிய விஷம்; அதன் ஆவி மூக்கையும் நுரையீரலையும் புண்ணாக்கும்; கழிவுநீர் ஆற்றில் கலந்தால் மீனும் பிழைக்காது. 1989-ஆம் ஆண்டு முதல் இவ்வகைக் கழிவுகளை மலேசியச் சட்டம் கட்டுப்படுத்துவதால், கொல்லையில் தொட்டி கட்டி முலாம் பூசிய சிறு பட்டறைக்காரர்களுக்குத் தொழில் கட்டுபடியாகாமற் போனது நியாயமே. மோட்டார் சைக்கிள் ரசிகர்கள் இதற்காக அங்கலாய்ப்பதை நான் கேட்டிருக்கிறேன். அவர்களோடு சேர்ந்து அங்கலாய்க்க எனக்கு மனமில்லை.

எனக்குள்ள குறை வேறு. முலாம் பட்டறைக்கு வழி தெரிந்துவிட்டால், மறை, ஆணி, கம்பி, ஸ்பிரிங் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் குரோமியத்தில் தோய்த்தெடுக்கும் பேராசை பலரைப் பிடித்துக்கொள்கிறது. பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் மறைகளுக்கும் ஆணிகளுக்கும் பூசியது பெரும்பாலும் காட்மியம் என்னும் மங்கிய வெண்ணிற முலாம். பளபளக்க வேண்டியது எது, அடங்கியிருக்க வேண்டியது எது என்ற விவேகம் அந்தத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இருந்தது. மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பகாட் சண்டி என்னும் பழங்கோயிலை 1959, 1960 ஆண்டுகளில் மீண்டும் எழுப்பியபோது, சிதறிக் கிடந்த மூலக் கற்களைத் தேடித் திரட்டி அடுக்கினார்கள். சலவைக்கல் பதித்து அழகு செய்யவில்லை. பழைய வண்டியும் அந்த மரியாதைக்குத் தகுதியுடையதே. பெட்ரோல் தொட்டியில் ஓட்டியவரின் முழங்கால் உராய்ந்து தேய்ந்த இடம், கைப்பிடியில் நிக்கல் மெலிந்து செம்பு தெரியும் வளைவு ஆகியவற்றை அழித்துவிட்டால், அந்த வண்டியைத் தேய்த்தவரும் ஓட்டியவரும் ஒருசேர அழிந்து போகிறார்கள்.

ஆகவே, 1920-களின் வண்டி ஒன்று அதிர்ஷ்டவசமாக எவர் கைக்காவது வருமானால், நான் சொல்லக்கூடியது இவ்வளவே. மூல நிக்கல் பாதியேனும் மிஞ்சியிருந்தால் முலாம் பட்டறைப் பக்கமே போக வேண்டாம். மெல்லிய களிம்பும் துணியும் போதும். முழுவதும் துருவேறி, வேறு வழியில்லை என்றால், பட்டறைக்காரரிடம் நிக்கல் தொட்டியோடு நிறுத்திக் கொடுக்கும்படி கேட்க வேண்டும். இன்னொரு தொட்டியில் சற்றே முக்கினால் மங்கவே மங்காதே என்று அவர் தயவாக வற்புறுத்துவார். விலையும் பெரிதாக ஏறாது என்பார். அதை மறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர், ஒவ்வொரு வாரமும் துணியை எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். இரண்டு மழைவாரம் சோம்பியிருந்தால் கைப்பிடி மஞ்சள் பூத்துக் கணக்குக் கேட்கும்.